மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்: அக்காவுக்கு ஒரு பதில், தங்கைக்கு வேறு பதில்

தஞ்சாவூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது: "கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஏழு வருஷம் எம்.டி.யாக, அதாவது மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்டாக வேலை பார்த்தேன். 2017-ல் விட்டுவிட்டேன். பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான், வீட்டிலிருந்தே மறுபடி இந்த வேலையைச் செய்ய ஆசை. என் தங்கை பி.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்திருக்கிறாள். ஒரு பயிற்சி மையத்தில் ஆறு மாத டிரான்ஸ்கிரிப்ஷன் கோர்ஸுக்கு 45,000 ரூபாய் கேட்கிறார்கள், வேலை நிச்சயம் என்கிறார்கள். கட்டலாமா? இந்தத் துறையில் இனிமேல் வேலை இருக்கிறதா?"

நீங்கள் திரும்பி வரலாம். உங்கள் தங்கை அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம். ஒரே துறையைப் பற்றி ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு விதமாகச் சொல்கிறேனே என்று தோன்றும். காரணத்தை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் இதே துறையில் டைப்பிங்கில் ஆரம்பித்து, இப்போது சென்னையில் க்யூ.ஏ. பக்கம், அதாவது மற்றவர்கள் அடித்ததைச் சரிபார்க்கும் பக்கம் இருக்கிறேன்.

வெளியிலிருந்து படிப்பவர்களுக்காக இரண்டு வரி. அமெரிக்க டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு நோயின் விவரம், பரிசோதனை, மருந்து எல்லாவற்றையும் வாயால் சொல்லிப் பதிவு செய்வார். அந்த ஆடியோ இங்கே வரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கால் பெடலை மிதித்து ஓட்டியும் நிறுத்தியும் கேட்டு, மருத்துவ ஆவணமாக டைப் செய்து அனுப்ப வேண்டும். அங்கே சாயங்காலம் சொன்னது அவர்கள் மறுநாள் காலையில் எழும்போது தயாராக இருக்கும். 65 எழுத்து ஒரு லைன், லைனுக்கு இவ்வளவு என்று காசு. தொண்ணூறுகளின் கடைசியிலும் அடுத்த பத்து வருஷத்திலும் சென்னை, கோவை, பெங்களூரு, ஹைதராபாத்தில் ஆயிரக்கணக்கான பட்டதாரிகளுக்கு முதல் வேலை இதுதான். அதிலும் பெண்கள் அதிகம். தி. நகரிலும் காந்திபுரத்திலும் மாடிக்கு மாடி பயிற்சி மையம் இருந்த காலம் உங்களுக்கே நினைவிருக்கும்.

நீங்கள் வேலையை விட்ட 2017-லேயே சரிவு தொடங்கியிருந்தது. ஆனால் அது ஒரே அடியில் வந்த சரிவு அல்ல, மூன்று அலையாக வந்தது. மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் இப்போது எது மிச்சம் என்று புரியும்.

முதல் அலை 2009-ல் வந்த சட்டம். ஒபாமா அரசின் பொருளாதார மீட்புச் சட்டத்துக்குள் ஹைடெக் ஆக்ட் என்று ஒரு பகுதி. டாக்டர்கள் காகிதத்தை விட்டுவிட்டு மின்னணு மருத்துவப் பதிவுக்கு, அதாவது ஈ.ஹெச்.ஆருக்கு மாறினால் ஊக்கத்தொகை. முதியவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகேர் வழியாக ஒரு டாக்டருக்கு 44,000 டாலர் வரை கிடைத்தது. மாறாதவர்களுக்கு 2015 முதல் பிடித்தம். பெரும்பாலான டாக்டர்கள் மாறினார்கள். ஈ.ஹெச்.ஆரில் டெம்ப்ளேட் இருக்கும், டிக் அடித்தால் பாதி நோட் நிரம்பிவிடும். அப்படியே சாதாரண கிளினிக் விசிட்டுக்கான டிக்டேஷன் குறைந்தது. நாம் தினமும் டைப் செய்த சளி, காய்ச்சல், பி.பி. செக்கப் ஃபைல்களெல்லாம் அங்கேயே முடிந்துபோயின.

இரண்டாவது, குரலை எழுத்தாக்கும் மென்பொருள். இது உங்களுக்குத் தெரிந்த கதைதான். டிராகன் என்ற மென்பொருள் 1997-லேயே வந்துவிட்டது, ஆனால் ஆஸ்பத்திரி டிக்டேஷனை அப்படியே நம்பி ஒப்படைக்கும் அளவுக்குத் தேற ரொம்ப வருஷமானது. மிஷின் ஒரு டிராஃப்ட் அடித்துத் தரும், நாம் ஆடியோவைக் கேட்டுத் திருத்துவோம். டைப்பிங்குக்குக் கிடைத்ததில் ஏறக்குறைய பாதிதான் எடிட்டிங்குக்கு லைன் ரேட். வேகம் இரண்டு மடங்கு வரும், கணக்கு சரியாகிவிடும் என்றார்கள். தெளிவாகப் பேசும் டாக்டருக்கு அது உண்மை. வாய்க்குள்ளேயே பேசுகிறவர், நடந்துகொண்டே பேசுகிறவர் என்றால் மிஷினின் டிராஃப்டை அழித்துவிட்டு முழுக்க நாமே அடிக்க வேண்டியிருக்கும், ஆனால் கிடைப்பதோ எடிட்டிங் ரேட். இந்த மனக்குறையோடு துறையை விட்டவர்கள் நிறையப் பேர்.

துறையின் காசு எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதற்கு ஒரே ஒரு வியாபாரத்தைச் சொன்னால் போதும். அமெரிக்காவின் பெரிய டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனிகளில் ஒன்றான எம்மோடலின் டெக்னாலஜிப் பிரிவை 3எம் நிறுவனம் 2019-ல் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது. டிரான்ஸ்கிரிப்ஷன் சேவைப் பிரிவை, அதாவது ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்யும் பிரிவை, வாங்கவில்லை. அது அக்விட்டி என்ற தனிக் கம்பெனியாக நின்றது. 2023-ல் மும்பையைச் சேர்ந்த ஐ.கே.எஸ். ஹெல்த் அதை 20 கோடி டாலருக்கு வாங்கியது.

மூன்றாவது அலை நீங்கள் போன பிறகு வந்தது, இதுதான் ஆழமானது. முதல் இரண்டிலும் டாக்டர் டிக்டேட் செய்வது என்ற பழக்கம் இருந்தது. இதில் அதுவே இல்லை. நோயாளியின் சம்மதத்தோடு மேஜைமேல் ஃபோனை வைத்துவிட்டு டாக்டர் சும்மா பேசுகிறார், விசாரிக்கிறார். அந்த உரையாடலைக் கேட்டு செயற்கை நுண்ணறிவு நோட் எழுதித் தருகிறது. நுவான்ஸ் நிறுவனம் 2020-ல் டாக்ஸ் என்று இதைக் கொண்டுவந்தபோது நடுவில் ஒரு மனிதர் இருந்தார். மிஷின் எழுதியதை அவர் சரிபார்த்த பிறகே டாக்டருக்குப் போகும், அதற்குச் சில மணி நேரம் ஆகும். நுவான்ஸை 1,970 கோடி டாலருக்கு வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் 2021-ல் அறிவித்து, 2022 மார்ச்சில் வாங்கி முடித்தது. 2023-ல் வந்த அடுத்த பதிப்பில் அந்த மனிதர் இல்லை. நோட் சில நொடிகளில் நேராக டாக்டரின் திரைக்கே போய்விடுகிறது. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் பெரிய மருத்துவ நிறுவனமான கைசர் பெர்மனென்ட்டே தன்னுடைய 40 ஆஸ்பத்திரிகளிலும் 600-க்கு மேற்பட்ட கிளினிக்குகளிலும் அப்ரிட்ஜ் என்ற இதே வகைச் சேவையை டாக்டர்களுக்குக் கொடுப்பதாகச் சொன்னது. அத்தனை இடத்திலும் நமக்கு வர ஆடியோ ஃபைல் என்று ஒன்று உருவாகவே உருவாகாது.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையும் 2023-லிருந்து 2033-க்குள் அங்கே டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட் வேலைகள் சுமார் 5 சதவீதம் குறையும் என்றே கணித்திருக்கிறது. இது அங்கே உள்ளவர்களுக்கான கணக்கு. இங்கே அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே மிச்சமிருப்பவர்கள் பலர் ஆஸ்பத்திரியின் சொந்த ஊழியர்கள். நம்மிடம் வருவது வெளியே விடப்படும் வேலை, அது அதைவிட வேகமாகக் குறையும் என்பது என் கணிப்பு.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டு உங்களை ஏன் வரச் சொல்கிறேன்?

2018-ல் ஜாமா நெட்வொர்க் ஓபன் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பாஸ்டன், கொலராடோ பக்கத்து ஆஸ்பத்திரிகளின் 217 நோட்டுகளை எடுத்து வரி வரியாகப் பார்த்தார்கள். மிஷின் அடித்த டிராஃப்டில் தவறுகள் 7.4 சதவீதம், அதாவது நூறு சொல்லுக்கு ஏழு. அதை டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட் பார்த்துத் திருத்திய பிறகு 0.4 சதவீதம். கடைசியில் டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு 0.3. இந்த மூன்று எண்ணையும் பாருங்கள். தவறை இறக்கியது யார்? ஏழிலிருந்து அரைக்கும் கீழே கொண்டுவந்தது நம் ஆட்கள். டாக்டர் அதன் மேல் திருத்தியது மிகக் கொஞ்சம். நடுவில் இருப்பவரை எடுத்துவிட்டால் அந்த ஏழு நேராக டாக்டரிடம் போகும், அவருக்கு அடுத்த நோயாளி வெளியே காத்துக்கொண்டிருப்பார். இன்றைய மிஷின்கள் 2018-ஐவிட நிச்சயம் நன்றாகக் கேட்கின்றன. ஆனால் அவற்றின் தவறு வேறு மாதிரி ஆகியிருக்கிறது.

பழைய மிஷின் தவறு செய்தால் வாக்கியம் உளறலாக இருக்கும், படித்ததுமே கண்ணில் படும். புதியது இலக்கண சுத்தமாக, பதவிசாகத் தவறு செய்கிறது. குரலை எழுத்தாக்கும் ஓப்பன் ஏஐ-யின் விஸ்பர் மென்பொருளை கார்னெல் பல்கலைக்கழகத்தினரும் மற்றவர்களும் சோதித்து 2024-ல் வெளியிட்டதில், ஏறக்குறைய நூற்றுக்கு ஓர் ஆடியோத் துண்டில் யாருமே பேசாத வாக்கியங்கள் முழுசாக முளைத்திருந்தன. அவற்றில் 38 சதவீதம் தீங்கு விளைவிக்கக்கூடியவை. இல்லாத மருந்தின் பெயரைக்கூட அது உண்டாக்கியிருக்கிறது. நிறுத்தி நிறுத்திப் பேசுகிறவர்கள், பேச்சுத் திணறல் உள்ளவர்கள் என்றால் இது அதிகம். பக்கவாதம் வந்த நோயாளி யோசித்து யோசித்துப் பேசும் மௌனத்தில்தான் மிஷின் தன் சொந்த வாக்கியத்தைப் போடுகிறது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஒரு மனிதர் ஆடியோவைக் கேட்பது.

எடிட்டர் மேஜையில் நடப்பதைக் கிட்டத்தில் காட்டுகிறேன், உங்கள் தங்கையும் படிக்கட்டும். திரையில் டிராஃப்ட், காதில் ஆடியோ, சொல்லச் சொல்ல அந்தந்தச் சொல் நிறம் மாறிக்கொண்டே போகும். "மெட்டோபுரோலால் 15 மில்லிகிராம்" என்று டிராஃப்டில் இருக்கிறது. டாக்டர் சொன்னது ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா என்று காதுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ஆனால் அந்த மாத்திரை 25, 50, 100 மாதிரி அளவுகளில் வரும், 15-ல் வராது என்பது எடிட்டருக்குத் தெரியும். 50 ஆக இருக்கலாம், அதே ரிப்போர்ட்டில் மேலே மருந்துப் பட்டியலில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். நான்கு வரி தள்ளி "இலியம்". சிறுகுடலின் கடைப்பகுதியும் இலியம், இடுப்பெலும்பும் இலியம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், காதுக்கு இரண்டும் ஒன்று. டாக்டர் குரோன் என்ற குடல் நோயைப் பற்றிப் பேசுகிறாரா, எலும்பு முறிவைப் பற்றியா என்று பார்த்துத்தான் எழுத்தைப் போட வேண்டும். அப்புறம் "வலது முழங்கால்" என்று ஆரம்பித்த டாக்டர் பாதியில் "இடது" என்கிறார். இதை நாம் திருத்தக் கூடாது. அடையாளம் போட்டு டாக்டருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். எதைத் திருத்தலாம், எதைத் தொடக் கூடாது, எங்கே பிளாங்க் விட வேண்டும் என்ற இந்தத் தீர்மானம்தான் தொழில். டைப்பிங் வெறும் கைவேலை, அது போனது போனதுதான்.

இந்தத் தீர்மானம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. நம் துறையில் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. 2008-ல் அலபாமா மாநிலத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து சர்க்கரை நோயாளியான ஒரு பெண்மணி டிஸ்சார்ஜ் ஆனார். டாக்டர் சொன்ன இன்சுலின், லெவிமிர் 8 யூனிட். டிஸ்சார்ஜ் சம்மரியில் 80 யூனிட் என்று டைப் ஆகியிருந்தது. அவர் போய்ச் சேர்ந்த மறுவாழ்வு மையத்தில் அதைப் பார்த்தே ஊசி போட்டார்கள். அவர் இறந்துபோனார். டைப்பிங் நடந்தது இந்தியாவில். 2012 டிசம்பரில் ஜூரி 14 கோடி டாலர் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்புச் சொன்னது. 80 யூனிட் போட்டுக்கொள்ளும் நோயாளிகளும் உண்டு. ஆகவே அந்த எண் தனியாகப் பார்த்தால் உறுத்தாது. அதனால்தான் புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் சொல்வது: இன்சுலின், வார்ஃபரின், மார்ஃபின் மாதிரி அளவு தவறினால் ஆபத்தான மருந்து வந்தால், நன்றாகக் கேட்டது போல இருந்தாலும் பின்னால் ஓட்டி இன்னொரு தடவை கேளுங்கள். சந்தேகம் துளி மிஞ்சினாலும் பிளாங்க். பிளாங்க் விட்டதற்காக மார்க் குறைந்தால் குறையட்டும்.

இந்தக் காதும் பயமும் உங்களுக்கு ஏழு வருஷத்தில் வந்திருக்கும். உங்கள் மதிப்பு அங்கேதான். கம்பெனிகள் இன்றும் தேடுவது அனுபவமுள்ள எடிட்டர், க்யூ.ஏ. ஆட்களைத்தான். அறுவை சிகிச்சை விவரமான ஆபரேட்டிவ் நோட், பத்து பதினைந்து பக்கம் போகும் மனநல மதிப்பீடு, இன்ஷூரன்ஸ் வழக்குக்கான சுயேச்சை மருத்துவப் பரிசோதனை ரிப்போர்ட், ஸ்பெஷலிஸ்ட் எழுதும் கடிதங்கள், இவற்றில் டிக்டேஷன் இன்னும் உயிரோடு இருக்கிறது. பிரிட்டன், ஆஸ்திரேலியா வேலைகளில் இந்தக் கடிதங்கள் நிறைய. மிஷின் எழுதிய நோட்டை உரையாடலின் ஆடியோவோடு ஒப்பிட்டு மார்க் போடும் வேலையும் வருகிறது. அதற்கு வெவ்வேறு கம்பெனி வெவ்வேறு பெயர் வைத்திருக்கிறது. விளம்பரத்தில் டிரான்ஸ்கிரிப்ஷன் என்ற சொல்லே இருக்காது, ஆனால் கேட்பது நம் அனுபவத்தைத்தான். தேடும்போது கிளினிக்கல் டாக்குமெண்டேஷன், மெடிக்கல் எடிட்டர், ஸ்க்ரைப், ஏஐ நோட் ரிவ்யூ என்று எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள்.

மூன்றுநான்கு மாதம் பயிற்சி எடுத்துவிட்டு டெஸ்ட் எழுதுங்கள். 2017-க்குப் பிறகு மருந்துப் பெயர்கள் நிறைய மாறிவிட்டன. செமாக்ளூடைட் வகை சர்க்கரை மருந்துகள், புற்றுநோய்க்கான இம்யூனோதெரபி மருந்துகள் இப்போது எங்கு பார்த்தாலும் வருகின்றன. கோவிட் சொற்கள் தனி. இவற்றைப் படித்துக்கொண்டால் மற்றது தானாகத் திரும்ப வந்துவிடும். சம்பளத்தில் மட்டும் பழைய நினைவோடு வராதீர்கள். லைன் கணக்கில்தான் பெரும்பாலும் தருவார்கள், ஃபைல் வரத்து ஏறும் இறங்கும், வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு பி.எஃப். பல இடங்களில் இல்லை. குடும்பத்தின் முழு வருமானமாக இதை நம்ப வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். இரண்டாவது வருமானமாக, ஒரு நாளில் நாலைந்து மணி நேரம் கவனத்தோடு உட்கார முடிந்தால், மரியாதையான வேலை.

இப்போது தங்கை. மேலே சொன்ன காதும் தீர்மானமும் எங்கிருந்து வந்தன? முதல் ஒரு வருஷம் தெளிவாகப் பேசும் டாக்டரின் சுலபமான ஃபைல்களை அடித்து அடித்து, க்யூ.ஏ. திருத்தி அனுப்புவதைப் படித்துப் படித்து வந்தவை. அந்தச் சுலபமான ஃபைல்களைத்தான் மிஷின் முதலில் எடுத்துக்கொண்டது. மனிதர்களுக்கு வருவது கஷ்டமானவை மட்டும். நேற்று படிப்பு முடித்த பெண்ணிடம், மூச்சு வாங்கிக்கொண்டே பேசும் இதய அறுவை நிபுணரின் அரைமணி ஆடியோவைக் கொடுத்தால் என்ன செய்வாள்? அனுபவமுள்ளவர் வேண்டும், ஆனால் அனுபவம் வர வழியில்லை. இது உங்கள் தங்கையின் திறமைக்குறைவு அல்ல, படிக்கட்டின் முதல் படியை எடுத்துவிட்டார்கள். இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. கிராமத்துத் தமிழ் வழிப் பள்ளியில் படித்து வந்த பெண்கள், ஆங்கிலம் பேசத் தயங்கியவர்கள், காதை மட்டும் நம்பி உழைத்து அமெரிக்க டாக்டரின் இலக்கணத்தையே திருத்தும் க்யூ.ஏ.க்களாக உயர்ந்ததை நான் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். அந்த வழி இப்போது அடைபட்டுக்கொண்டு வருகிறது.

அந்த 45,000 ரூபாய்க்கு அவளுக்குக் கிடைக்கப்போவது மருத்துவச் சொற்கள், உடற்கூறு, கொஞ்சம் ஆடியோ பயிற்சி. முதல் இரண்டும் பி.எஸ்சி.யிலேயே பாதி தெரியும், மீதிக்குப் புத்தகமும் வீடியோவும் போதும். "வேலை நிச்சயம்" என்பதை எழுத்தில் தருவார்களா என்று கேளுங்கள். போன வருஷம் சேர்த்துவிட்டதாகச் சொல்லும் மூன்று மாணவர்களின் நம்பரை வாங்கி நீங்களே பேசுங்கள். கோர்ஸில் டைப்பிங்தான் இருக்கிறதா, மிஷின் டிராஃப்டை எடிட் செய்யும் பயிற்சியும் உண்டா என்று பாருங்கள். இரண்டாவது இல்லையென்றால் அந்தப் பாடத்திட்டம் பழையது. காசு வாங்காமல், உதவித்தொகையோடு தானே பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கும் கம்பெனி கிடைத்தால் சேரட்டும், அதில் இழப்பு இல்லை. ஆனால் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை மட்டும் யாரிடமும் கொடுக்கக் கூடாது.

அவளுக்கு நான் சொல்லும் வழி மெடிக்கல் கோடிங். டாக்டரின் நோட்டைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போட்டு இன்ஷூரன்ஸுக்கு அனுப்பும் வேலை. 2015 அக்டோபர் 1-ல் அமெரிக்கா ஐ.சி.டி.-10 என்ற புதிய நோய்க் குறியீட்டுப் பட்டியலுக்கு மாறியபோது குறியீடுகள் சுமார் 14,000-லிருந்து எழுபதாயிரத்துக்கு அருகே போயின. அதற்கு ஆள் தேவைப்பட்டது. சென்னை இன்று அதற்கான பெரிய ஊர்களில் ஒன்று. உயிரியல் சார்ந்த பட்டதாரிகளை எடுக்கிறார்கள், பகல் ஷிஃப்ட் இருக்கிறது, புதியவர்களுக்கு இன்னும் இடம் இருக்கிறது. ஏ.ஏ.பி.சி. என்ற அமெரிக்க அமைப்பு கோடிங் செய்பவர்களுக்கு நடத்தும் சி.பி.சி. தேர்வு 100 கேள்வி, நான்கு மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் பாஸ். குறியீட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதலாம். அனுபவமில்லாமல் பாஸ் செய்தால் சி.பி.சி. என்ற பட்டத்துக்குப் பின்னால் "ஏ" என்று ஓர் எழுத்து சேரும், பயிற்சி நிலை என்று அர்த்தம், அனுபவம் காட்டியதும் அது நீங்கும். 45,000 செலவழித்தே ஆக வேண்டும் என்றால் இந்தத் தேர்வுக்குச் செலவழிக்கட்டும். கோடிங்கிலும் மிஷின் நுழைந்துவிட்டது. எக்ஸ்ரே, லேப் மாதிரி எளிய கேஸ்களைத் தானாகவே கோட் செய்யும் மென்பொருள்கள் ஓடுகின்றன. ஆகவே அவள் சேர்ந்த பிறகு ஒரே எளிய ஸ்பெஷாலிட்டியில் தங்கிவிடாமல் அறுவை சிகிச்சை, உள்நோயாளி கோடிங், ஆடிட் பக்கம் நகர வேண்டும். அங்கேயும் நிலைப்பவர்கள் சரிபார்க்கத் தெரிந்தவர்களே.

அவளுக்கு ஆங்கில உரையாடலைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் நன்றாக இருந்து, இரவு வேலைக்கு வீட்டில் சம்மதமும் இருந்தால் வெர்ச்சுவல் ஸ்க்ரைப் வேலையைப் பார்க்கலாம். டாக்டர் அங்கே நோயாளியைப் பார்க்கும்போதே இங்கிருந்து கேட்டு ஈ.ஹெச்.ஆரை நிரப்புவது. மூன்றாவது அலை நேராகப் போட்டியிடுவது இந்த வேலையோடுதான், ஆகவே நீண்ட காலத் திட்டமாக இல்லாமல், ஒன்றிரண்டு வருஷம் மருத்துவ நோட் எப்படி உருவாகிறது என்று உள்ளிருந்து கற்றுக்கொள்ளும் இடமாக எடுத்துக்கொள்ளட்டும்.

உள்ளூர் வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டிலேயே ஸ்கேன் சென்டர்களில் ரேடியாலஜிஸ்ட் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் அடிப்பவர் தேவை. கர்ப்பிணிகளின் ஸ்கேனுக்குச் சட்டப்படி நிரப்ப வேண்டிய ஃபார்ம் எஃப் என்ற படிவத்தின் பதிவு பிசகாமல் இருக்க வேண்டும், அதையும் பெரும்பாலும் அவரே பார்த்துக்கொள்வார். பெரிய ஆஸ்பத்திரிகளில் டிஸ்சார்ஜ் சம்மரி தயாரிக்க ஆள் எடுக்கிறார்கள். சம்பளம் சென்னைக் கம்பெனி அளவுக்கு இராது. ஆனால் டாக்டர் பக்கத்திலேயே இருப்பார், சந்தேகத்தை உடனே கேட்டுக்கொள்ளலாம். மேலே நான் சொன்ன அந்த முதல் படி இன்று மிச்சமிருக்கும் இடம் இது ஒன்றுதான். தங்கை வெளியூர் போக முடியாத நிலையென்றால் இங்கே ஒரு வருஷம் இருந்துகொண்டே சி.பி.சி.க்குப் படிக்கலாம்.

கடைசியாக உங்கள் இருவருக்கும் ஓர் எச்சரிக்கை. வீட்டிலிருந்து மெடிக்கல் டைப்பிங், வாரம் பத்தாயிரம் என்று வாட்ஸ்அப்பில் வரும் எதையும் நம்பாதீர்கள். முதலில் ஆன்லைனில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். படிக்கவே முடியாத ஃபைல்களைக் கொடுத்து, ஒரு வாரத்தில் முடிக்கச் சொல்வார்கள். அப்புறம் அக்யூரசி குறைவு, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், இத்தனை ஆயிரம் அபராதம் கட்டாவிட்டால் வழக்கு என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்று வரும். பெண்கள் பயந்துபோய் நகையை அடகு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். உண்மையான கம்பெனி உங்களிடம் டெபாசிட் கேட்காது. ஆடியோ டெஸ்ட் வைக்கும், நோயாளி விவரங்களின் ரகசியத்தைக் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும், உங்கள் கம்ப்யூட்டரை யாரும் எட்டிப் பார்க்காத அறை இருக்கிறதா என்று கேட்கும். நோயாளி விவரங்களைக் காக்கச் சொல்லும், 1996-ல் வந்த அமெரிக்காவின் ஹிப்பா சட்டத்துக்காகத்தான் அவர்கள் இதையெல்லாம் கேட்கிறார்கள். உங்கள் பழைய கம்பெனியின் அனுபவச் சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள், முதல் சுற்றிலேயே அதைக் கேட்பார்கள்.